சாவி ரயில் வாங்கிய விசேஷம்

சிறுவயதில் எங்கள் வீட்டில் ஒரு சாவி ரயில் இருந்தது. திருவள்ளூரில் இருந்தபோது அப்பா அண்ணனுக்கு வாங்கித் தந்தது. சாவி கொடுப்பது, தண்டவாளத்தில் வைப்பது, விடுவது எல்லாம் அண்ணன். நான் கைகாட்டி, அதாவது சிக்னல் மரம். வளைவுக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவன் விசிலடித்தால் கையை இறக்க வேண்டும். அதுதான் என் உத்தியோகம். கை வலிக்கிறது என்றால், கைகாட்டிக்கு வலிக்காது என்பான். ரயில் துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போகும்வரை அந்தச் சாவியை நான் ஒருமுறைகூடத் திருகியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் மீஞ்சூரில் குடித்தனம் நடத்தினேன். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆபீசுக்கு ரிப்பன் வாங்க மூர் மார்க்கெட் போன இடத்தில், பழைய சாமான் கடை ஒன்றில் பச்சை எஞ்சின் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு பெட்டிகள், ஒரு சுற்றுக்குத் தண்டவாளம், சாவி எல்லாம் இருந்தன. பையனுக்கா என்று கடைக்காரர் கேட்டார். சாவியை வாங்கி நானே திருகினேன். உள்ளே வில் இறுகுவது விரலுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை.

திரும்பும் வண்டியில் அட்டைப் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். மூடி சரியாக மூடாமல் எஞ்சினின் மூக்கு வெளியே தெரிந்தது. எதிரே, பொன்னேரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் மாமியார் ஊரைச் சேர்ந்த அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, விசேஷமா?"

"விசேஷம்தான்" என்று சொல்லிச் சிரித்தேன். கல்யாணமான பெண்ணிடம் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு என் புத்தி எஞ்சினோடு பெட்டிக்குள் இருந்தது.

அந்த வாரம் முழுக்கக் கொண்டாட்டம். கட்டிலுக்கு அடியில் புகுந்து வெளியே வரும்படி தண்டவாளத்தைப் போட்டேன். எங்கள் வீட்டுத் தரை ஒரு பக்கம் சரிவு. வண்டி வளைவில் கவிழ்ந்துகொண்டே இருந்தது. காலண்டர் அட்டையைக் கிழித்து மடித்துத் தண்டவாளத்துக்கு முட்டுக் கொடுத்தேன். தையல் மெஷின் எண்ணெயை அச்சுக்கு விட்டேன். சாவியை முழுக்கத் திருகாமல் பாதியோடு நிறுத்தினால் நிதானமாக ஓடும் என்பதும் பிடிபட்டது. அண்ணனுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. நான் அவனைவிட நல்ல டிரைவர் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. என் வீட்டுக்காரர் குப்புறப் படுத்து வேடிக்கை பார்த்தார். எனக்கு ஒரு தடவை கொடேன் என்றார். முதலில் கைகாட்டியாக நில்லுங்கள் என்றேன். நல்ல மனுஷர், நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் வந்து இறங்கினார். கையில் பையும், முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு சிரிப்பும். என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். எதற்கென்று நான் கேட்பதற்குள் தரையில் கிடந்த ரயிலைப் பார்த்துவிட்டார். சிரிப்பு போய்விட்டது. நேரே மகனிடம் திரும்பினார்.

"இன்னா நைனா இது? புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் சாமான் வாங்கி ஊட்ல வெப்பாங்களா? ஆவாது. எடுத்துனு போயி எங்கனா குடுத்துட்டு வா. பொறந்தப்புறம் வேற வாங்கிக்கலாம்."

வண்டியில் நான் சொன்ன விசேஷம் அந்த ஊர்க்காரம்மா வழியாக இவர் காதுக்குப் போயிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வீட்டுக்காரரோ குனிந்து தண்டவாளத்தைக் கழற்ற ஆரம்பித்தார். அம்மா பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவர். எல்லாவற்றையும் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு வாசற்படிவரை போய், என்னைத் திரும்பிப் பார்த்தபடி நின்றார்.

சும்மா இருந்திருந்தால் ரயில் போயிருக்கும், சந்தோஷம் அந்த அம்மாவிடம் இன்னும் சில நாள் இருந்திருக்கும். எனக்கும் குழந்தை வேண்டும் என்றுதான் இருந்தது. அதற்காக அழுததும் உண்டு. ஆனால் இந்த ரயில் அந்த அழுகையில் சேர்ந்ததல்ல.

"அத்தை, நான் வாயும் வயிறுமா இல்ல. வண்டியில உங்க ஊரு அம்மா கேட்டதுக்கு யோசிக்காம ஏதோ சொல்லிட்டேன். இந்த ரயிலு எனக்கு வாங்கினது. நான் வெளையாட வாங்கினது. நாளைக்கே ஒண்ணு பொறந்தாலும் என்னைக் கேட்டுக்கினுதான் இதத் தொடணும்."

அத்தை அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் இறங்கியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. சொன்னது தப்பு என்று மட்டும் தோன்றவில்லை.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசற்பக்கம் பார்த்தார். மகன் இன்னும் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"அத இன்னாத்துக்குத் தூக்கினு நிக்கிற நைனா? உள்ள கொண்டாந்து வையி. அது அவளுது."

அதுவரை அத்தையிடம் எனக்கு மரியாதைதான் இருந்தது. அழுகிற முகத்தோடு அவர் அதைச் சொன்ன பிறகு, அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.