மீட்டர் முனையில் விரல்

எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஒன்று அடிக்கடி நின்றுபோனது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியனின் வெள்ளைச் சட்டையில் பொட்டுக் கறை இல்லை. மோட்டார் வேலை செய்கிற ஆளுக்கு அதெப்படி? அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது.

எதை அளந்தாலும், முதலில் மல்ட்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று முட்டி, ஜீரோ காட்டுகிறதா என்று பார்ப்பார்.

"மொதல்ல மீட்டரையே நம்பக் கூடாதுங்க."

மோட்டாரைக் கழற்றி, உள்ளே சுற்றியிருக்கும் காயிலுக்கும் வெளி இரும்பு பாடிக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பார்த்தார். ஏதோ எண் வந்தது.

"பாடிக்கு லீக் ஆகுதுங்க. காயில் மாத்தோணும்."

"போன தடவ வேற மோட்டாருக்கு வந்தவரும் இதேதானுங்க சொன்னாரு. எல்லாரும் ஒரே பாட்டுத்தான்" என்று இடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. பக்கத்து மெஷினை நிறுத்தி, ப்ளக்கைப் பிடுங்கி, அந்த நல்ல மோட்டாரை அளந்தார். எண் எதுவும் வரவில்லை; லீக் இல்லை. பிறகு இரண்டு முனைகளையும் விரல்களால் அழுத்திக்கொண்டு அளந்தார். எண் வந்துவிட்டது.

"இது லீக் இல்லீங்க, என்ற ஒடம்பு வழியா மீட்டர் காட்டுற எண்ணு. ஏமாத்துறவங்க இப்படித்தான் காட்டுவாங்க. இனி யாரு வந்தாலும் வெரலப் பாருங்க."

இப்படியும் ஒரு மனுசரா என்று நெகிழ்ந்து, கழற்றிய மோட்டாரை காயில் மாற்ற நானே அவர் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

காயில் மாற்றி வந்த மோட்டார் இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது. இப்போதெல்லாம் யார் வந்தாலும் விரலைத்தான் பார்க்கிறேன். அன்று முதலில் அளந்தபோது அவர் விரல் எங்கே இருந்தது என்பது மட்டும், எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது.