மூன்றாம் ஓலை

எங்கள் வீட்டில் பொய் சொன்னால் வாயில் மிளகாய்த்தூள். அது அப்பாவின் சட்டம். சர்க்கரை டப்பாவில் கை வைத்துவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்ததற்காக நான் இரண்டு தடவை அதை அனுபவித்திருக்கிறேன். அப்பா எங்கள் மாதா கோயில் பங்குப் பேரவையில் இருந்தார். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் தன் சொந்தத் தங்கையின் காதைப் பற்றிப் பொய் சொன்னபோது அவர் வாயில் தூள் போட ஆளில்லை. எழுத உட்கார்ந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தைக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் வடிந்தபோது யாரோ எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள், அதோடு போயிற்று. வலது காது நன்றாகக் கேட்கும். தஞ்சாவூர் டாக்டர் காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார். "அதை மாட்டிக்கிட்டு இவ பஸ் ஸ்டாண்டுல நின்னா எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அத்தை வகுப்பில் இடது சுவரோரமாக உட்கார்ந்து உட்கார்ந்தே எம்.ஏ. ஆங்கில இலக்கியம் வரை வந்துவிட்டாள்.

அந்த வருஷம் அவளுக்கு விக்டோரியா ராணி காலத்து நாவல்கள் பாடம். சாயங்காலம் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து எனக்குக் கதை சொல்வாள். நான் ஐந்தாம் வகுப்பு. எல்லாக் கதையும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. ஒரு பெரிய வீடு, மூடி மறைத்த ஒரு விஷயம், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கனவான்கள். விஷயம் வெளியே வந்ததும் மறைத்த ஆம்பளை வெளியூருக்குக் கிளம்பிவிடுவான். பெண்தான் மழையில் நடப்பாள்.

"அவ என்ன அத்தை தப்பு பண்ணினா?"

"ஒண்ணுமில்லடி. பேரு கெட்டுப்போச்சு. அதுதான் தப்பு."

அறுவடை முடிந்த கையோடு திருச்சியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் செய்தி வந்தது. உடனே எங்கள் வீட்டில் ஒத்திகை ஆரம்பமாயிற்று. ஆமாம், ஒத்திகைதான். அத்தையின் இடப்பக்கம் நான் ஒட்டி உட்கார வேண்டும். அந்தப் பக்கமிருந்து யார் பேசினாலும் அவள் முழங்கையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அப்பா இடப்பக்கமாக வந்து நின்று, "மீன்குழம்பு வைக்கத் தெரியுமாம்மா?" என்று மெல்லிய குரலில் கேட்பார். நான் தட்டுவேன். அத்தை திரும்பி, "தெரியும்ங்க" என்பாள். நாலு நாள் இந்தக் கூத்து. எனக்கு விளையாட்டாக இருந்தது. அத்தையின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அவர்கள் வந்த அன்று நான் இரண்டு முறை தட்ட மறந்துவிட்டேன். கேசரித் தட்டில் கவனம். அடி விழப்போகிறது என்று நடுங்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "பொண்ணு என்னா அடக்கம்! ரெண்டு வாட்டி கேட்டாத்தான் வாயைத் திறக்குது. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!" காது கேட்காததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு பூ வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா அன்று என்னைத் தூக்கிச் சுற்றினார்.

இரவு சாப்பாட்டின்போது அத்தை, "அண்ணே, அவங்ககிட்டச் சொல்லிடுவோம்ணே" என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. அப்பா எழுந்து போய் ஜெபமாலையைக் கொண்டுவந்து, சோற்றுக் கையோடு இருந்தவளின் இடது கையில் திணித்தார். "என் வாயால யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு." அம்மா ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அத்தை சத்தியம் செய்தாள். பொய்யைக் காப்பாற்ற ஜெபமாலை! எந்த வேதத்தில் இருக்கிறது இது?

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. யாரும் காதில் வாங்குவதில்லை. எல்லோருக்கும் வீட்டில் கறிக்குழம்பு நினைப்பு.

முதல் ஓலை வாசித்த அன்று மதகில் அத்தை சொன்னாள்: "இங்கிலாந்துலயும் இப்படித்தான் மூணு வாரம் வாசிப்பாங்க. யாராச்சும் எழுந்து நின்னுட்டா அவ்வளவுதான், கல்யாணம் நின்னுரும்." இரண்டாம் ஓலையன்று, "எந்த நாவல்லயும் வீட்டு ஆளுங்க எழுந்திருக்கிறதே இல்லடி. ஒருத்தராச்சும் எழுந்திருக்கலாம்" என்றாள். பிறகு போகிறபோக்கில் கேட்டாள்: "உங்கிட்ட அப்பா சத்தியம் ஏதும் வாங்கினாரா?"

"இல்லையே."

"சரி, வா, இருட்டிருச்சு."

மூன்றாம் ஓலைக்கு மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தார். பூசை முடிந்ததும் எல்லோரும் கும்பகோணத்துக்குப் போய்க் கூறைப்புடவை எடுப்பதாகத் திட்டம். பெண்கள் பக்கத்தில் முன் வரிசை எங்களுக்கு. வழக்கம்போல அத்தையின் இடப்பக்கம் போய் நின்றேன். "இந்தப் பக்கம் உக்காரு, ஃபேன் காத்து வரும்" என்று என்னை வலப்பக்கம் மாற்றி உட்கார வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாமியார் ஓலையை எடுத்தார். 'கடமைப்பட்டிருக்கிறார்கள்' என்று அவர் சொன்னதும், "அத்தை, நான் சொல்லட்டுமா?" என்று கிசுகிசுத்தேன். அவள் திரும்பவில்லை. பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை மட்டும் விட்டுவிட்டாள்.

நான் எழுந்தேன். "ஃபாதர், எங்க அத்தைக்கு இடது காது கேக்காது."

சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பாவம், நல்ல மனிதர். "அது ஒரு தடையே இல்லம்மா, உக்காரு" என்றார். கர்த்தருக்கு ஆட்சேபணை இல்லை, திருச்சபைக்கும் இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா அதற்குள் பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார். "காதுக்காக இல்லைங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே பெருமையா எடுத்திருப்போமே" என்று வாசலில் சொன்னாராம். புளுகு! சொல்லியிருந்தால் அவர் எங்கள் தெருவையே எட்டிப் பார்த்திருக்கமாட்டார்.

அன்று வீட்டில் அப்பா என் வாயைப் பிளந்து மிளகாய்த்தூளைக் கொட்டினார். பொய்க்கு ஒரு சிட்டிகை, உண்மைக்கு ஒரு பிடி. அத்தை ஓடிவந்து என்னைப் பிடுங்கித் தண்ணீர் ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே அழுதாள். அவள் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன் என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். பதினைந்து வருஷம் நம்பினேன். அவள் வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் மிஷின் வாங்கி மாட்டிக்கொண்டு, கல்யாணமே வேண்டாம் என்று இருந்துகொண்டு காலேஜில் பாடம் நடத்தியதைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவாளிபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். "அவளுக்குக் காதுல விழுந்திருந்தா உன் வாயைப் பொத்தியிருப்பா" என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார்.

போன வருஷம் எனக்கு ஓலை வாசித்தார்கள். அதே கோயில், அதே முன் வரிசை. அத்தை நகர்ந்து உட்கார்ந்து தன் வலப்பக்கத்தைத் தட்டி, "இங்க வா" என்றாள். உட்கார்ந்தேன். எனக்குக் குப்பென்று வியர்த்தது. அண்ணாந்து பார்த்தேன். அந்தக் கோயிலில் ஒரே ஒரு மின்விசிறி. அது அப்போதும் இப்போதும் ஆண்கள் பக்கம்தான்.

கேட்கிற காதுப் பக்கம்தான் அன்று என்னை உட்கார வைத்திருக்கிறாள்; என் கிசுகிசுப்பு அவளுக்குக் கேட்டிருக்கிறது. நன்றாகவே கேட்டிருக்கிறது. சத்தியத்தை மீறாமல், என் வாயால் சொல்ல வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுவதா, நாக்கு இத்தனை வருஷம் எரிந்ததற்கு நாலு கேள்வி கேட்பதா என்று தெரியாமல், நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை அவள் விடவில்லை.