நட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

சவரிமுத்துவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியைக் கழற்றி மாட்டினாலும், கடைசி முடுக்கு முடுக்கியதும், நட்டிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் இரும்பு வரைக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். நெயில் பாலிஷ்தான். நட்டு ஒரு மயிரிழை தளர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். கச்சிராயபாளையத்துக்கும் கல்வராயன் மலையடிவாரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரில், அவர் கை பட்ட மொபெட், டிராக்டர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருக்கும்.

"என் கல்யாணத்துக்கு வாங்கின பாட்டிலுல ஆரம்பிச்சது. என் வெரலப் பாத்ததவிட நட்டப் பாத்ததுதான் ஜாஸ்தி," என்று அவர் மனைவி உபகாரமேரி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

கோடு இழுத்த பிறகும் மூன்று முறை தொட்டுப் பார்ப்பார். வேலை முடித்துப் பாதி வழி வந்தவர், சந்தேகம் வந்து திரும்பிப் போய் மறுபடியும் ஸ்பேனரை வைப்பார். ஊரில் அதைக் கிண்டல் பண்ணுவார்கள். வீட்டில் மட்டும் யாரும் கிண்டல் பண்ணுவதில்லை. காரணம் வீட்டுக்குத் தெரியும். தன் தம்பியைத் தானே கொன்றுவிட்டதாக முப்பத்துநான்கு வருஷமாக நம்பிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

தம்பி பெயர் பிரிட்டோ. மேடும் பள்ளமுமாக வெட்டிப்போட்ட மண் தடத்தில் வண்டியைப் பறக்கவிடுகிற மோட்டோகிராஸ் பந்தயத்தின் மேல் அவனுக்குப் பைத்தியம். அண்ணன் ஒரு பழைய யெஸ்டி பைக்கை வாங்கி, மட்கார்டையும் முன்விளக்கையும் கழற்றி எறிந்து, சைலன்சரை மேலே தூக்கிக் கட்டி, அகலமான ஹேண்டில்பார் போட்டுத் தம்பிக்கென்று பந்தய வண்டி ஆக்கினார். 1991 தை மாதத்தில் சென்னைப் பக்கம் நடந்த ஒரு பந்தயத்தில் பிரிட்டோ கோப்பை வாங்கினான். கோப்பையை முதுகில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவன், ஊர்த்தெரு வழியாக இன்ஜினை அணைக்காமல் வந்தான்.

அதுதான் அவன் செய்த குற்றம். காலனிக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்டியாக வேண்டும். காலனிக்காரர்கள் தெருமுனையில் இறங்கி, மறுமுனை வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. சட்டத்தில் எழுதாததைத்தான் இந்த நாட்டில் யாரும் மீறுவதில்லை. கழுத்தில் சிலுவை தொங்கினாலும் காலனி காலனிதான். பிரிட்டோ தள்ளவில்லை. இரட்டைச் சைலன்சரும் அலற, தெருவின் இந்த முனையில் ஏறி அந்த முனையில் இறங்கினான்.

பதினெட்டாம் நாள் விடியற்காலையில், தினமும் பழகுகிற மலையடிவாரத்து வண்டிப்பாதையில், பாறை மேல் தலை மோதிக் கிடந்தான். இருபத்துநான்கு வயசு.

முந்தின நாள் சாயங்காலம் முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர் சவரிமுத்து. மாட்டிக்கொண்டிருக்கும்போதே ஊர்த்தலைவர் நாராயணசாமி வீட்டிலிருந்து ஆள் வந்தது. மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை, கையோடு வரச் சொன்னார் என்று. எழுந்து ஓடினார். கடைசி முடுக்கு முடுக்கினோமா, கோடு இழுத்தோமா? சாவு வீட்டில் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை.

நாராயணசாமிதான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "முன்சக்கரத்துல நட்டு இல்லடா சவரி. என் கண்ணால பாத்தேன். கேசுன்னு போனா உன் மேலதான் விழும். நான் ஸ்டேஷன்ல பேசிக்கறேன், நீ போ."

பேசினார். கேஸ் இல்லாமல் போயிற்று. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடித் தன் டிராக்டரிலேயே அனுப்பிவைத்தார். பார்த்தால் மனசு தாங்காது, பார்க்காதே என்று சொல்லியும் அனுப்பினார். சவரிமுத்து பார்க்கவில்லை. வீட்டுக் கொட்டகையின் சுவரோரம் ஆட்கள் சாத்திவைத்தபடியே வண்டியை விட்டுவிட்டார். பார்க்காதவரைக்கும் ஓரத்தில் ஒரு சந்தேகமாவது மிச்சம் இருக்கும், பார்த்துவிட்டால் அதுவும் போய்விடும் என்ற பயம். அன்றையிலிருந்து நாராயணசாமி வீட்டு மோட்டாருக்கும் டிராக்டருக்கும் அவர் கூலி என்று வாங்கியதில்லை. ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றியவரிடம் எப்படி வாங்குவது?

நான்சிக்கு இந்தக் கதை பிறந்ததிலிருந்தே தெரியும். சவரிமுத்துவின் ஒரே மகள், முப்பத்தொரு வயசு. கள்ளக்குறிச்சியில் ஒரு பைக் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர். அவளுக்குப் புரியாதது ஒன்றுதான். இப்போது ஊர்த்தெருவில் யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை. அவளே ஸ்கூட்டியில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறாள். அப்பா மட்டும் தெருமுனை வந்ததும் மொபெட்டை அணைத்து, இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். யார் சொன்னார்கள் என்று கேட்டுச் சண்டை போட்டிருக்கிறாள். "கால் மரத்துப்பூடுதும்மா, கொஞ்சம் நடந்தா நல்லதுதான்," என்பார்.

போன சித்திரையில் கொட்டகையைப் பிரித்துவிட்டு அறை கட்டலாம் என்று முடிவானது. பழைய இரும்புக்காரர் வீரமுத்து வந்து தார்ப்பாயின் நுனியைத் தூக்கியபோது, "எடுத்துக்கினு போங்க," என்று சொல்லிவிட்டு சவரிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்சி விடவில்லை. சித்தப்பாவின் வண்டி ஓட வேண்டும், அதில் அப்பாவோடு மலைக்குப் போக வேண்டும் என்று நின்றாள். இரண்டு நாள் அவர் கொட்டகைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். இன்ஜின் வேலை அவருடையது. முன்சக்கரம் இருக்கிற பக்கமே அவர் வரமாட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் வேலை. இன்ஜினை இறக்கிக்கொடுத்ததும், சவரிமுத்து அதைக் கோணியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் வண்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிடுவார். பிஸ்டன் துருவேறிச் சிலிண்டரைக் கவ்விக்கொண்டிருந்தது. டீசலில் ஊறவைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி மூன்று வாரத்தில் வெளியே எடுத்தார். எடுத்த அன்று மட்டும் லேசாகச் சிரித்தார்.

நான்காவது ஞாயிறு, நான்சி முன்பக்கத்துக்கு வந்தாள். சுவரோடு ஒட்டியிருந்த பக்கத்தில் மண் இறுகி ஓடுபோல் ஆகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்தாள். நட்டு இல்லாத வெற்று மரைதான் தெரியும் என்று எதிர்பார்த்திருந்தாள். புதிதாக ஒரு நட்டு வாங்கிப் பையில்கூட வைத்திருந்தாள்.

நட்டு இருந்தது.

முதலில் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். மறுபடியும் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். நட்டின் தட்டையான பக்கத்திலிருந்து சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரும்பு வரைக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்தது, அப்பா எப்போதும் இழுக்கிற மாதிரி. மங்கியிருந்தது. முறியவில்லை.

பிரஷைக் கீழே வைத்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். நட்டு இருக்கிறது என்றால் சக்கரம் கழலவில்லை. சக்கரம் கழலவில்லை என்றால் சித்தப்பா எப்படி விழுந்தார்?

மெக்கானிக்கின் மூளை, உட்கார்ந்து அழ அவளை விடவில்லை. ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் மேலிருந்து கீழ்வரை துடைத்தாள். இடுப்புயரத்தில் இடக் குழாயில் ஒரு வெட்டு. குரோமைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தது, நகம் பதிகிற ஆழம். வலக் குழாயிலும் அதே உயரத்தில் அதே வெட்டு. இரண்டின் மேலும் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். ஒரே நேர்க்கோடு. பாறையில் மோதினால் நசுங்கும், கீறும். இப்படி அளவெடுத்த மாதிரி இரண்டு குழாயையும் அறுக்காது. கொல்லையில் வேலி கட்ட வைத்திருந்த கம்பியில் ஒரு முழம் கொண்டுவந்து வெட்டில் வைத்தாள். செய்து வைத்த மாதிரி உட்கார்ந்தது.

பாதைக்குக் குறுக்கே கம்பி கட்டியிருக்கிறார்கள். விடியற்காலையில், அவன் வருகிற நேரம் தெரிந்து, அவன் வருகிற பாதையில்.

அப்பாவைக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். போய் அவர் முன்னால் உட்கார்ந்து, "நட்டு இருக்குதுப்பா. நீ போட்ட கோடும் இருக்குது," என்றாள்.

அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம்தான் இருந்தது. இந்த விஷயத்திலா விளையாடுவாய் என்கிற கோபம். அப்புறம் எழுந்தார். வண்டி வரைக்கும் பத்தடி. நடந்துபோக வெகுநேரம் ஆனது. குனிந்து கோட்டை விரல் நகத்தால் மெல்லத் தொட்டார். நட்டின் மேல் ஸ்பேனரை வைத்து லேசாக அழுத்தினார். அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். மூன்றாவது முறையும்.

"டைட்டாத்தான் வச்சிருக்கேன்," என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

நான்சி ஃபோர்க்கையும் காட்டினாள், கம்பியையும் வைத்துக் காட்டினாள். வெட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். தொட்டியடிக்குப் போய் சோப்புத் தூளைக் கொட்டிக் கை கழுவ ஆரம்பித்தார். கழுவினார், கழுவினார், உபகாரமேரி வந்து குழாயை மூடும்வரை கழுவினார்.

"அவரு கண்ணால பாத்தேன்னாரே மேரி. நட்டு இல்லன்னு," என்றார்.

உபகாரமேரி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் அந்த வீட்டுக்கு முறுக்கும் கேக்கும் கிறிஸ்துமஸ் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தது அவள் கைதான்.

இதில் ஊகிக்க என்ன இருக்கிறது? இருக்கிற நட்டை இல்லை என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இறந்தவனின் அண்ணனிடமே சொல்லியிருக்கிறார். எவர் மேல் பழி போட்டால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்களோ, அவர் மேல் போட்டிருக்கிறார். போட்ட பழிக்கு நன்றியும் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஓர் உயிரை எடுத்ததோடு நிற்காமல், மிச்சமிருந்த உயிரை முப்பத்துநான்கு வருஷம் சம்பளமில்லாமல் வேலை வாங்கியிருக்கிறார்கள். கடவுள் சித்தம் என்று பங்குச் சாமியாரும், விதி என்று ஊரும் சொன்ன விஷயம், ஒரு பாட்டில் மண்ணெண்ணெயில் வெளுத்துவிட்டது.

நான்சி அன்றைக்கே போலீசுக்குப் போகலாம் என்றாள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். போகலாம், ஆனால் முதலில் வண்டி ஓடட்டும் என்றார் சவரிமுத்து. அதன்பிறகு முன்பக்கத்துக்கு அவரே வந்தார். ஞாயிறு என்று பார்க்கவில்லை, தினமும் வேலை. டேங்குக்குப் பழைய சிவப்பையே அடித்தார்கள். ஃபோர்க்குக்கு மட்டும் எதுவும் செய்யவில்லை. உளுந்தூர்பேட்டை குரோம் பட்டறையில், அடைத்துப் பாலிஷ் போட்டால் வெட்டு இருந்த இடமே தெரியாது என்றார்கள். "தெரியணும்," என்று சொல்லி சவரிமுத்து ஃபோர்க்கைச் சக்கரத்தோடு அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார். அந்த நட்டைக் கடைசிவரை யாரும் கழற்றவில்லை. சக்கரத்தை ஃபோர்க்கோடு சேர்த்தே இறக்கிச் சேர்த்தே ஏற்றினார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு காலையில் ஏழாவது உதையில் இன்ஜின் பிடித்தது. டூ-ஸ்ட்ரோக் புகை காலனி முழுக்கப் பரவியது. ஊர்த்தெரு பக்கம் போகாமல், ஏரிக்கரை வழியாகச் சுற்றி மலைக்குப் போனார்கள். சவரிமுத்து ஓட்ட, நான்சி பின்னால் உட்கார்ந்தாள். மண் பாதை வந்ததும் அப்பா எழுந்து நின்று ஓட்டினார். மேட்டில் ஏறி இரண்டு சக்கரமும் ஒரு கணம் தரையை விட்டன. அறுபத்துமூன்று வயசு மனிதர் அதற்கென்றே முழங்காலை மடக்கிக் கொடுத்தார். தம்பிக்கு வண்டி கட்டிக்கொடுத்தவருக்கு ஓட்டவும் தெரிந்திருந்தது. அது அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

பிரிட்டோ விழுந்த இடத்தில் இப்போது தார் ரோடு. மரங்கள் இல்லை. பாறையையும் உடைத்துவிட்டார்கள். பார்க்க ஒன்றுமில்லாத இடத்தை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கேதான் போன் வந்தது. நாராயணசாமியின் மருமகள் தங்கமணி. மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை, மாமா உங்களைக் கையோடு வரச் சொல்கிறார் என்றாள். "வரேம்மா," என்றார் சவரிமுத்து, பழக்கதோஷத்தில். வைத்தபிறகு போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஏரிக்கரைக்குத் திரும்பவில்லை. நேராக ஊர்த்தெருவுக்கு விட்டார். தெருமுனை வந்ததும் அவர் கை தானாகச் சாவிக்குப் போவதை நான்சி பார்த்தாள். தோள் இறுகியது. கை சாவியைத் தொட்டது. அப்புறம் ஆக்சிலரேட்டருக்குத் திரும்பியது.

நாராயணசாமி போர்ட்டிகோவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பத்துமூன்று வயசு. சத்தம் கேட்டுத் தலை தூக்கினார். தங்கமணி கையில் முறத்தோடு வெளியே வந்தாள். சவரிமுத்து வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. இன்ஜினை அணைக்கவில்லை.

"நட்டு டைட்டாத்தான் இருந்துச்சிங்க," என்றார். அந்த 'ங்க' மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை.

"எந்த நட்டுண்ணா? மோட்டார்லயா?" என்று தங்கமணி புரியாமல் கேட்டாள்.

எந்த நட்டு என்று நாராயணசாமி கேட்கவில்லை. அவர் கண் சக்கரத்து நட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக ஃபோர்க்குக்குப் போய், இடுப்புயரத்தில், பாலிஷ் போடாத அந்த இரண்டு வெட்டுகளின் மேல் நின்றது.

நான்சி அதைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்துவிட்டார் என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது. மோட்டாருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் கியரைத் தட்டினார். வண்டி தெருவின் மறுமுனையில் இறங்கி, காலனிக்குத் திரும்பாமல் கச்சிராயபாளையம் போலீஸ் ஸ்டேஷன் ரோட்டில் ஏறியது.