மோட்டாருக்கு அடியில் கேட்ட சத்தம்

“உனக்கு எழுதத் தெரியும். எத சொல்லணும், எத விடணும்னு தெரியுமாடி?” என்று அம்மா கேட்டபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் குடும்பத்தில் சிலேட்டுப் பலகை பிடித்த முதல் ஆள் நான். ஆகையால் அது எனக்குக் கேள்வியாகவே படவில்லை. படிக்காதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலை செய்தார். பதினைந்து வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். மயிர் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டிருப்பார்கள். இறங்கி அதைப் புரட்டுகிறவருக்குக் கை, கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். சோறு பிசைந்தால் கை எரியும் என்று அம்மாதான் அவருக்கு உருட்டி உருட்டி வைப்பாள்.

முதலாளி, சீமைக்குத் திரும்பப் புறப்பட்ட ஒரு துரையிடமிருந்து பழைய பந்தய மோட்டார் ஒன்றை வாங்கினார். கூரை கிடையாது, இரண்டே இருக்கை, மூக்கு மட்டும் நீளம். அதை ஓட்ட மெட்ராஸிலிருந்து வந்த டிரைவர் ஷாப்பின் நாற்றம் தாங்காமல் ஒரே மாதத்தில் ரயிலேறிவிட்டார். போவதற்குள் யாராவது ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் முதலாளி. நாற்றம் தெரியாத மூக்கு வேண்டும் என்பதுதான் அவர் தேடிய தகுதி. அப்பாவைக் குழியிலிருந்து மேலே கூப்பிட்டார்கள்.

அப்பாவுக்குக் காக்கிச் சட்டை வந்தது. ஒரு வருஷத்தில் கால் ஆறியது. தன் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார்.

பிறகு ஒரு நாள், வண்டியின் வயிற்றடியில் நெடுக ஓடும் புகைக்குழாய் ஆட ஆரம்பித்தது. குழாயைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புப் பட்டைக்குள் ஒரு ரப்பர் துண்டு இருக்கும்; அது சூட்டில் பொடிந்துவிட்டது. மெட்ராஸுக்கு எழுதி வேறு வரவழைக்கலாமா என்று அப்பா கேட்டார்.

“ரப்பருக்கு மெட்ராஸுக்குப் போவணுமா? நம்ம ஷாப்புல இல்லாத தோலா?” என்றார் முதலாளி. “ரெண்டு மடிப்பா வெச்சி முடுக்குய்யா. என் தோலு சுருங்காது, நீளாது. சீமையில போயி கேளு.”

அப்பா வைத்து முடுக்கினார். நாலு நாள் வண்டி சாதுவாக ஓடியது. ஐந்தாம் நாளிலிருந்து அடியில் கடகடவென்று ஒரு சத்தம்.

“அரே, இன்னாய்யா இது! டப்பாவுல கல்லப் போட்டு குலுக்கற மாரி கீது. ஊரே திரும்பிப் பாக்குது, பேஜாரா கீது” என்று முதலாளி தலையில் கைவைத்தார். தோலின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அது அவருடைய தோல்.

அப்பா தேட ஆரம்பித்தார். கருவிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். சக்கர மூடிகளைக் கழற்றினார். மட்கார்டைக் கயிறு போட்டுக் கட்டினார். பாலாற்று மணல் எங்காவது புகுந்திருக்கும் என்று துணி சுற்றிய குச்சியால் இண்டு இடுக்கெல்லாம் துழாவினார். விடிந்தால் வண்டியைக் கழுவுவார். மல்லாந்து படுத்து அடிப்பக்கம் வரைக்கும் கழுவுவார். எழுந்திருக்கும்போது காக்கிச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை வைத்தால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் பெட்ரோல் போடப் போகையில் என்னையும் ஏற்றிக்கொண்டார். “காது குடு பாப்பா. எங்கேர்ந்து வருதுன்னு சொல்லு” என்றார். நான் கால் வைக்கும் பலகையில் காதை ஒட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தேன். சத்தம் என் காதுக்கு நேர் கீழே வந்தது. கன்னம் சுட்டது.

அன்று முதல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். வண்டி எப்போது சத்தம் போட்டது என்று தினமும் அப்பாவைக் கேட்பேன். திங்கள்: கழுவினது, பள்ளிகொண்டா தாண்டித்தான் சத்தம். செவ்வாய்: அதேபோல. புதன்: நாளெல்லாம் மழை, சத்தமே இல்லை. வியாழன்: அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு, கழுவவில்லை, ஷாப்பு கேட்டைத் தாண்டும்போதே சத்தம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவின் செருப்பும் இந்த ஷாப்புத் தோல்தான். மழையில் நனைந்து காய்ந்தால் சுருங்கிக் காலைக் கடிக்கும். அன்று மாலை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளியின் முன்னால் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பியதற்காக அப்பாவைக் கேலி செய்தவர்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள்.

முதலாளி அப்பாவுக்குச் சனிக்கிழமை வரைக்கும்தான் தவணை கொடுத்திருந்தார். மெட்ராஸிலிருந்து தோல் கொள்முதல் செய்கிறவர் அன்று வருகிறார்; ஸ்டேஷனிலிருந்து இந்த வண்டியில்தான் அழைத்து வரவேண்டும். “சத்தம் கேட்டுதோ, சட்டையக் கழட்டி வெச்சிட்டு மறுபடி குழியில எறங்கிடு” என்று சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை நான் ஷாப்பு வாசலில் நின்றேன், நோட்டோடு. வண்டி வந்தது. பூனை வருவதுபோல வந்தது. கொள்முதல்காரர் சிரித்த முகமாக இறங்கினார். முதலாளிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“சபாஷ்! சத்தம் எங்கய்யா? இன்னா பண்ணே?”

“ஒரு நட்டு லூசா இருந்துச்சி மொதலாளி. முடுக்கிட்டேன்” என்றார் அப்பா.

“இல்லப்பா!” என்றேன் நான்.

எல்லாரும் திரும்பினார்கள். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், படித்த பெண் பேசப்போகிறாள் என்ற பெருமை இருப்பதாக நான் நினைத்துக்கொண்டேன்.

“நட்டு இல்ல. உள்ள வெச்ச தோலு. ஈரமா இருந்தா உப்பி நிக்குது. கொழா சூட்டுல காஞ்சதும் சுருங்கிடுது, அப்பறம் ஆடுது. மத்தியானம் மறுபடி சத்தம் வரும் பாருங்க.” தேதி தேதியாகப் படித்தேன். “எங்கப்பா செருப்பும் இந்த ஷாப்புத் தோலுதான். அதுவும் சுருங்குது” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“யாரு இந்தப் பொண்ணு? சூட்டிகை ஜாஸ்தியா கீதே” என்று கொள்முதல்காரர் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். யாரும் யாரையும் திட்டவில்லை. கொள்முதல்காரர் போய், அடுக்கி வைத்திருந்த தோல்களிலிருந்து ஒன்றை உருவினார். மடக்கினார், இழுத்தார், விரலை எச்சிலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தார். அன்று அவர் வாணியம்பாடிக்குப் போய் வேறு ஷாப்பில் வாங்கினாராம்.

திங்கட்கிழமை அப்பா பழைய வேட்டியோடு குழிக்குக் கிளம்பினார். காக்கிச் சட்டையை அம்மா துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். அப்போது கேட்டதுதான் முதலில் சொன்ன கேள்வி. அடுத்த வாரமே மெட்ராஸிலிருந்து ரப்பர் வந்தது. பொருத்தியவர் புது டிரைவர்.

அப்பா என்னை அடிக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மட்டும், “அந்த நோட்டக் குடு” என்று வாங்கி, கடைசிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஓரெழுத்தும் தெரியாது.

“செரியாத்தான் எழுதினியா?”

“செரிதான்பா.”

“அப்ப செரி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கழுவின நாள், கழுவாத நாள் என்று அவ்வளவு ஒழுங்காக எழுதியவள், ஒருவர் விடியற்காலையில் மல்லாந்து படுத்து வண்டியின் அடிப்பக்கத்தை எதற்குக் கழுவுகிறார் என்று கேட்கவே இல்லை. அப்பாவுக்கு முதல் நாளே தெரியும். முதலாளியின் தோலைக் குறை சொல்லாமல், நட்டு நட்டாகத் தேடிக் காட்டியபடி, தினமும் அந்தத் தோலை ஈரத்துணியால் நனைத்து நனைத்துத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இது எனக்குப் புரிய ஏழெட்டு வருஷம் ஆயிற்று. அதுவரையிலும் கண்டுபிடித்தவள் நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது அவருக்குக் கால் ஆறுவதில்லை. அம்மா மறுபடியும் உருட்டி வைக்கிறாள்.

போன வாரம் வேலூரில் இருக்கும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கு மனு எழுதினேன். தகப்பனார் தொழில் என்ற இடம் வந்ததும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “டிரைவர்னு எழுது. ஒரு வருசம் ஓட்டினாரு இல்ல? பொய் ஒண்ணும் இல்லியே” என்றாள். இந்த முறை அவள் பேச்சு எனக்கு விளங்கியது. குழிக்காரன் மகள் என்றால் பள்ளியில் என்ன நினைப்பார்கள் என்பதும் விளங்கியது.

அப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் சுவரில் சாய்ந்தபடி, கண்ணைத் திறக்காமல், “செரியா எழுது” என்றார்.

தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை என்று எழுதினேன். மனுவைத் தபாலில் சேர்த்து இன்றோடு ஆறு நாள் ஆகிறது.