மயில் குடித்த ஆம்பியர்

கோப்பெங் பக்கம் எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் ரதம் வருடம் தவறாமல் பாதி வழியில் இருண்டுவிடும். விளக்குகளுக்கு வயரிங் செய்பவன் என் மச்சான். இந்தத் திருவிழாவிலும் இருட்டினால் வேலையை வெளி ஆளிடம் கொடுத்துவிடுவதாகக் கோயில் தலைவர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மச்சான் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆளாளுக்கு நேர்ந்துகொண்டு ரதத்தில் விளக்கு மாட்டுகிறார்கள்; பேட்டரி மட்டும் அதே இரண்டு லாரி பேட்டரி. “அளந்து காட்டிட்டா யாரும் பேச முடியாது, மச்சான்” என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். நிறையப் படித்தவனுக்கு வருகிற வியாதி இது.

என் மீட்டர் பத்து ஆம்பியருக்கு மேல் தாங்காது. அதற்கு ஷண்ட் வேண்டும்: மின்சாரம் முழுவதையும் ஒரு சிறு தகடு வழியே ஓடவிட்டு, அதில் விழும் துளி வோல்ட்டை அளப்பது. கடையில் கிடைக்கும். நான்தான் செய்தே தீருவேன் என்றேன். எவர்சில்வர் தட்டிலிருந்து ஒரு பட்டை வெட்டினேன். அது நல்ல தட்டு என்பதை வெட்டிய பிறகு மனைவி விரிவாக எடுத்துச் சொன்னாள்.

மீட்டர் கம்பிகளை மின்சாரம் வரும் அதே போல்ட்டில் மாட்டியிருந்தேன். நட்டை இறுக்கினால் ஓர் எண், தளர்த்தினால் வேறோர் எண். ஒரு பகல் முழுக்க நான் அளந்தது போல்ட்டை. பிறகு கம்பிகளைத் தகட்டின் உட்பக்கமாகக் கவ்வவிட்டு, ஐந்து ஆம்பியர் இழுக்கும் கார் விளக்குக்கு ஐந்து மில்லிவோல்ட் காட்டும்வரை நகர்த்தி நகர்த்தி, ஒருவழியாகப் பிடித்தேன்.

கோயிலில் எல்லா விளக்கையும் போட்டோம். அறுபத்திரண்டு ஆம்பியர். ரதத்தின் பின்னால் தோகை விரித்திருந்த விளக்கு மயிலை மட்டும் அணைத்தோம். முப்பத்தொன்பது.

மயில், தலைவர் கொடுத்தது.

“அதுல எத்தன பல்பு போட்டீங்க, ஐயா?” என்றான் மச்சான், மெதுவாக.

“சாமிக்குச் செய்றத எண்ணிக்கிட்டா இருப்பாங்க?” தலைவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, உங்க மீட்டர் ரோசாக் லா, கெட்டுப்போச்சு. அந்தத் தகடுதான் கரண்ட்டக் குடிக்குது. மொதல்ல அதக் கழட்டுங்க.”

முழுப் பொய்யும் அல்ல. என் தகடு குடித்தது நாக்கு நனையும் அளவு. மயில் குடித்தது அண்டா அண்டாவாக. கழற்றினேன்.

மச்சான் மயிலுக்குத் தனி சுவிட்ச் போட்டான். தலைவர் எப்போதும் ரதத்துக்கு முன்னால், மைக்கோடு நடப்பவர். அவர் பார்க்காத நேரமெல்லாம் மயில் அணைந்திருக்கும்; கழுத்தைத் திருப்பினால் மச்சானுக்குக் குரல் கொடுக்க வேண்டியது என் வேலை. மின்னியல் புத்தகங்களை வரி விடாமல் படித்தவன், ஊர்வலம் முழுக்க “வாராரு, வாராரு, போடு!” என்று கத்திக்கொண்டே நடந்தேன்.

ரதம் வெளிச்சத்தோடு கோயில் திரும்பியது. தலைவர் மச்சானுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கில் சொன்னார்: “அந்தத் தகட்டக் கழட்டுனோம், லைட்டு அணையாம நின்னுச்சு பாத்தீங்களா? அடுத்த வருசம் இன்னொரு மயில் தாரேன். ஜோடியா நிக்கட்டும்!”

“போட்டுரலாம், ஐயா!” என்றான் மச்சான், வாயெல்லாம் பல்லாக.

நான் பேட்டரியைக் கழற்றப் போனேன்.