அந்தரத்தில் ஒரு கதிரை

மடுல்கெல்லையிலிருந்து கண்டிக்கு இறங்கும் சனிக்கிழமை பஸ்ஸில் நான் பிரமாதமாக ஆடுவேன். தூங்கிக்கொண்டேதான். பன்வில தாண்டியதும் பனி ஜன்னல் வழியாக ஏறி உள்ளே வந்துவிடும். மலையும் தேயிலையும் ரோட்டோரத்துக் கோயிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்துபோகும். அந்த வெள்ளைக்குள் எனக்கு இடுப்பு மெலிந்திருக்கும், முழங்கால் சொன்னபடி கேட்கும், எழும்பிச் சுழன்று இறகு மாதிரி இறங்குவேன். இறங்குகிற கால் முன் சீட்டில் போய் இடிக்கும்.

"ஏங்க, பிரேக்கு டிரைவருகிட்ட இருக்கு. நீங்க போட வேணாம்" என்பாள் பக்கத்திலிருக்கும் மனைவி.

அவளுக்குக் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை. எனக்குப் பேராதனைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் நடனத்தில் முதுகலைப் படிப்பு. ஒரே பஸ்ஸில் இரண்டு பேரும் போவோம். ஒருத்தி சம்பாதிக்க, இன்னொருத்தன் கால்வலி வாங்கிக்கொண்டு வர.

மற்ற நாட்களில் நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ‘டான்ஸ் சேர்’, அதாவது ஆட்ட வாத்தியார். பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். மேடையில் எனக்கு முன்னால் என் தொப்பை வந்து சேரும். பிள்ளைகள் வணங்கும்போது அதற்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

படிப்பின் முதல் வருடத்தில் ஒரு விதி. அவரவர் பழகிய ஆட்டத்தை விட்டு, பழகாத ஒன்றைக் கற்று ஆடிக் காட்ட வேண்டும். நான் கண்டிய நடனத்தைக் கேட்டு வாங்கினேன். காரணம் சுத்தமான திமிர். அந்த நடனத்தின் அடிப்படை நிலைக்குச் சிங்களத்தில் ‘மண்டிய’ என்று பெயர். எங்கள் பரதத்தில் அரைமண்டி. அரைமண்டியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு மண்டிய எம்மாத்திரம், கடைசியில் ஒரு ‘ய’ கூட, அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அந்த ‘ய’ என்னைக் கொன்றது.

அரைமண்டியில் குதிகால் இரண்டும் அக்காள் தங்கச்சி மாதிரி ஒட்டி நிற்கும். மண்டியவில் பாதங்கள் சண்டை போட்டுக்கொண்டதுபோல் தூரத் தூரப் போய்விட வேண்டும். முழங்கால் இரு பக்கமும் விரிய, முதுகு நேராக, கைகள் தோளுயரத்தில் நிற்க, இல்லாத ஒரு கதிரையில் உட்கார்ந்த மாதிரி தாழ்ந்து அங்கேயே குடியிருக்க வேண்டும். என் பாதங்களோ கொஞ்சம் ஏமாந்தால் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நகர ஆரம்பிக்கும்.

"சேர், உங்கட கால் வீட்டுக்குப் போகுது" என்பார் விரிவுரையாளர். கண்டியைச் சேர்ந்த சிங்களப் பெண்மணி, என்னைவிட வயதில் இளையவர். அந்த ஆட்டத்துக்கான மேளத்தின் பெயர் கெட்ட பெர. எங்கள் காதுக்கு அது ஏதோ கெட்டது மாதிரித்தான் கேட்கும். ஆனால் அந்த மண்டபத்தில் கெட்டுக்கிடந்தது நான் ஒருத்தன்தான்.

விரிவுரையாளரின் தமிழ் யாழ்ப்பாணத் தமிழ். அதற்கு ஒரே பொறுப்பாளி என் வகுப்புத் தோழி. யாழ்ப்பாணத்துக்காரி. சிங்களம் படிக்கிறன், பதிலுக்குத் தமிழ் சொல்லித்தாறன் என்று அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டவள். முதல் நாள் கன்டீனில் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்கோ அண்ணை, இருங்கோ" என்றாள். நான் நின்றேன். அவள் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஏன் அண்ணை நிக்கிறியள்? இது பஸ் ஹோல்ட் இல்லை. இருங்கோ எண்டு சொன்னனான் எல்லோ?"

"அதான் தங்கச்சி இருக்கேன். எதுக்கு இருக்கச் சொன்னீங்கன்னுதான் தெரியல."

எங்கள் பக்கம் ‘இருங்க’ என்றால் கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். உட்காரச் சொல்வதென்றால் ‘ஒக்காருங்க’ என்போம். அவள் ஊரில் ‘இருங்கோ’ என்றாலே உட்காருங்கள்தான். விஷயம் விளங்கியதும் அவள் சிரித்த சிரிப்பில் பிளேன்டீ மூக்குக்கு ஏறிவிட்டது. அன்றிலிருந்து என்னை எங்கே கண்டாலும், "அண்ணை, இருங்கோ. எங்கட இருங்கோ, உங்கட இல்லை" என்பாள்.

ஆட்டப் பரீட்சை நெருங்கிய ஒரு மாலையில் விரிவுரையாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். குரலை மிருதுவாக வைத்துக்கொண்டு சொன்னார். மண்டியவில் நிலைத்து நிற்க முடியாவிட்டால் பரீட்சகர்கள் என்னை எழுத்துப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். நடனத்தைப் பற்றி ஆய்வு எழுதலாம், பட்டம் கிடைக்கும், ஆனால் ஆட வேண்டியதில்லை. "அது தோல்வி இல்லை, சேர்" என்றார்.

எனக்குத் தோல்வி பயமில்லை, அதோடு நல்ல பழக்கம் உண்டு. எனக்கு வலித்தது வேறு இடத்தில். பள்ளிக்கூடத்தில் நான் முதல் அடவைக் காட்டிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிடுவேன். பிறகு தட்டுக்கழியால் பலகையில் தட்டுவதுதான் என் வேலை. நான் தட்டுவேன், பிள்ளைகள் ஆடுவார்கள். எத்தனையோ வருடமாக அடுத்தவர்கள் ஆடுவதற்குத் தட்டிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் கையை விரிப்பதற்குள் ஒருமுறை நான் ஆட வேண்டும், யாராவது தட்ட வேண்டும். அதற்காகத்தான் பல்கலைக்கழகப் படியேறினேன். அங்கேயும் ஒரு கதிரையைக் காட்டி, உட்கார்ந்து எழுது என்றால்?

"எழுத்துக்கே போயிருங்க. முழங்காலாவது வீடு வந்து சேரும்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுத் தேங்காயை உடைத்துத் துருவப் போனவள் திரும்பிப் பார்த்தாள். "எங்க, ஒக்காருங்க பாப்போம், அந்த மண்டிய."

அன்றிலிருந்து எங்கள் சமையலறையில் அதுதான் நடந்தது. ஒரு முழுத் தேங்காய் துருவி முடியும்வரை நான் அசையக் கூடாது. ஒருநாளும் முடிந்ததில்லை. தொடை நடுங்கி நான் எழும்பும்போதெல்லாம் அவள் தலை நிமிராமலே சொல்வாள்: "இன்னும் அரைமூடி இருக்கு."

பரீட்சை அன்று மழை. மண்டபத்து ஜன்னல்கள் திறந்திருந்தன. ஹந்தானை மலை பாதிவரை மேகத்துக்குள் போயிருந்தது, மீதிப் பாதியும் கிளம்பிக்கொண்டிருந்தது. பரீட்சகர்கள் இருவர் மேசைக்குப் பின்னால். மொழிபெயர்க்க விரிவுரையாளர். கதவோரம் என் தோழி, கைவிரல்களைப் பின்னிக்கொண்டு. மேளக்காரர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுத் தட்டத் தொடங்கினார்.

எனக்காக ஒருவர் தட்டுகிறார். அந்த நினைப்பிலேயே முதல் சில அடிகள் எங்கே போயினவென்று தெரியவில்லை. அதன்பின் ஆடினேன். அழகாக என்று சொன்னால் என் மனைவியே நம்பமாட்டாள். சுழன்றபோது ஜன்னலும் மேசையும் மழையும் ஒன்றாய்ச் சுழன்றன, நான் கொஞ்சம் பிந்திச் சுழன்றேன். கடைசி அடிக்கு மண்டியவில் இறங்கினேன். மேளம் நின்றது.

"சேர், இருங்கோ" என்றார் விரிவுரையாளர்.

நான் இருந்தேன்.

இன்னும் பொறுக்கச் சொல்கிறார்கள், நிலையைச் சோதிக்கிறார்கள் என்று உடம்பு எடுத்துக்கொண்டது. கன்டீனில் பட்ட பாடம், தோழியின் கிண்டல் எல்லாம் மழையோடு போய்விட்டன. அந்த நேரத்தில் எனக்குள் மடுல்கெல்லைத் தமிழ் ஒன்றுதான் மிச்சமிருந்தது. பரீட்சகர்கள் தங்களுக்குள் சிங்களத்தில் மெல்லப் பேசிக்கொண்டார்கள். நான் கண்ணை மூடினேன்.

உள்ளே பனி வந்தது. பஸ்ஸில் வருகிற அதே பனி. தொடை முதலில் நடுங்கியது, பிறகு எரிந்தது, பிறகு யாரோ ஒருவருடையது ஆகிவிட்டது. மகாவலிக்கு மேலே அந்தரத்தில் ஒரு கதிரை போட்டு அதில் நான் உட்கார்ந்திருந்தேன். கீழே ஆறு சத்தமில்லாமல் போனது. எங்கோ என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அரைமூடி முடிந்து அடுத்த மூடி. வெள்ளைப்பூ வெள்ளைப்பூவாக அது பனியோடு விழுந்துகொண்டேயிருந்தது. நடுவில் மேளம் மெல்லக் கேட்டது. நான் எழும்பாததைக் கண்ட மேளக்காரர் விரல்நுனியால் தட்ட ஆரம்பித்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. கண்ணைத் திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கால்கள் வீட்டுக்குப் போகவில்லை. அவை இருந்த இடமே அவற்றுக்குப் போதுமாக இருந்தது.

கதவுப் பக்கமிருந்து ஒரு கூச்சல் வந்துதான் என்னைத் தரையில் இறக்கியது.

"ஐயோ அண்ணை! எங்கட இருங்கோ! உங்கட இல்லை!"

கண்ணைத் திறந்தேன். பரீட்சகர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரிவுரையாளர் என் பக்கத்தில் போட்டிருந்த கதிரையைக் காட்டி, குழப்பத்தோடு, "ஏன் சேர் இருக்கேல்லை?" என்று கேட்டார்.

"இருக்கேனே மேடம்" என்றேன். அந்த வார்த்தையோடு என் முழங்கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ராஜினாமா செய்தன. கதிரை பக்கத்தில் இருந்தும் அதைத் தவறவிட்டுத் தரையில் போய் உட்கார்ந்தேன்.

தோழி எல்லாவற்றையும் சிங்களத்தில் விளக்கினாள். ஒரு பரீட்சகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை. விரிவுரையாளரிடம் நீளமாக ஏதோ சொன்னார். அவர் அதை எனக்குச் சொன்னார்.

"இது எங்கட மண்டியவும் இல்லையாம், உங்கட அரைமண்டியும் இல்லையாம். என்ன எண்டு அவருக்குத் தெரியேல்லையாம்." பரீட்சகரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஆனால் கால் அசையேல்லை. ஆடட்டும் எண்டு சொல்லுறார்."

தோழி என் கையைப் பிடித்து வாசல்வரை நடத்திவந்தாள். படியில் உட்காரவைத்து, "பிளேன்டீ வாங்கிக்கொண்டு வாறன் அண்ணை" என்று ஓடினாள். மழை தணிந்திருந்தது. மலையைக் காணவில்லை. மனைவிக்கு அழைத்தேன். அந்தப் பக்கம் கத்தரிக்கோல் துணியில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்னாச்சுங்க?"

"ஆடச் சொல்லிட்டாங்க."

கத்தரிக்கோல் நின்றது. "நெசமாவா?"

"நெசமா. ஒரு முழுத் தேங்கா நின்னுருப்பேன்."

"சும்மா சொல்லாதீங்க." மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. "இப்ப எங்க?"

"மண்டபத்துப் படியில. எந்திரிக்க முடியல."

"அப்படியே இருங்க. இந்தா வர்றேன்."

எந்த ஊர் ‘இருங்க’ என்று நான் கேட்கவில்லை. இருந்தேன்.