அண்ணன் திருப்பி வைத்த முட்டை

விருந்துக்கு ஆறு நாள் முன்பே முட்டைகளை வாங்கி வைத்துவிட்டேன். அன்றன்று இட்ட முட்டையை வேகவைத்தால் ஓட்டின் உள்தோல் வெள்ளையோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது அதையும் பிய்த்துக்கொண்டு வரும். சில நாள் ஆன முட்டைதான் வழுவழுப்பாக உரியும். நான் மயிலாடுதுறையில் ஓர் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். நேரம் குறிக்காமல் எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. மூன்று முட்டைகளை முன்கூட்டியே ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று நிமிடம் என்று தனித்தனியாக வேகவைத்துப் பார்த்தேன். ஒன்பதில் நடுவில் ஈரம் இருந்தது. பதின்மூன்றில் மஞ்சள் கருவின் ஓரம் பச்சை பாய்ந்திருந்தது. பதினொன்று என்று நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடிட்டேன்.

"முட்டை அவிக்கிறதுக்கு வாட்ச்சக் கழட்டி முன்னாடி வச்ச ஒரே ஆளு நீங்கதான்" என்றாள் என் மனைவி.

"அப்பா, வர்றவங்க மார்க் போட வரல. சாப்பிட வர்றாங்க" என்றாள் மகள்.

மகள் டெக்சாஸில் வேலை பார்க்கிறாள். திருமண நிச்சயத்துக்காக மூன்று வார விடுப்பில் வந்திருந்தாள். அங்கே அவளோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் மெக்சிகோப் பெண் விருந்துகளுக்கு இந்த முட்டையைச் செய்வாளாம். அவித்த முட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து, வெண்ணெய்ப்பழத்தோடும் எலுமிச்சைச் சாற்றோடும் பிசைந்து, திரும்பவும் குழியில் நிரப்ப வேண்டும். சாப்பாட்டுக்கு முன் நின்றபடியே எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பெண் புகைவாசனை அடிக்கும் மிளகாய்த்தூள் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

ஆனால் அந்த மாலை விருந்தை நான் ஏற்பாடு செய்தது என் அண்ணனுக்காக. ஐந்து ஆண்டுகளாக அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை. எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்கு நிச்சயம் என்றால், மாப்பிள்ளை வீட்டார் தரும் தாம்பூலத் தட்டைப் பங்காளிகளில் மூத்தவர்தான் வாங்க வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போது வேறு யார் வாங்கினாலும், குடும்பம் உடைந்துவிட்டது என்று சபையில் சொன்னது போலாகும். நிச்சயம் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறன்று அண்ணனை வரவழைத்து, நாலு பேரோடு சிரித்துப் பேசவைத்து, மகள் வாயாலேயே கேட்கவைக்கலாம் என்று நினைத்தேன். மகள் தொலைபேசியில் கூப்பிட்டதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அன்று நான் இரண்டு முறை சாப்பிட்டேன் என்று மனைவி கேலி செய்தாள்.

எங்கள் பிரிவுக்குக் காரணம் குழாய். குத்தாலத்துக்குத் தெற்கே எங்கள் நிலத்தின் நடுவே எரிவாயுக் குழாய் போவதாகச் சொல்லி, ஒரு கட்சி ஆண்டபோது வந்து அளந்தார்கள். இன்னொரு கட்சி ஆண்டபோது வந்து தோண்டினார்கள். சம்பா கதிர் வாங்கும் நேரம். ஊர்க்காரர்கள் வயலில் இறங்கி இயந்திரத்தின் முன்னால் நின்றார்கள். அண்ணன் முதல் வரிசையில் நின்றார். அவர் பள்ளிப் பருவத்திலிருந்து கறுப்புச் சட்டைக்காரர். ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவர். இளமையில் எந்தக் கட்சிக்காகப் பசை வாளி தூக்கிச் சுவரொட்டி ஒட்டினாரோ, அந்தக் கட்சியின் ஆட்சியில்தான் போலீஸ் வண்டியில் ஏற்றப்பட்டுப் பதினைந்து நாள் சிறையில் இருந்தார். நிலம் கூட்டுப் பட்டா. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் சம்மதக் கடிதம் செல்லும் என்று முதலில் சொன்னவர்கள், பிறகு ஒருவர் போட்டாலும் போதும் என்றார்கள். அந்த ஒருவன் நான். அரசுச் சம்பளம் வாங்குகிறவன் எதிர்த்து நின்றால் என்ன ஆகும் என்று மேலே இருந்தவர்கள் நயமாகச் சொன்னார்கள். அண்ணன் வெளியே வந்தபோது குழாய் மண்ணுக்குள் போயிருந்தது.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் கொதித்த பிறகு முட்டைகளைக் கரண்டியில் ஒவ்வொன்றாக இறக்கி, பதினொரு நிமிடம் கழித்து ஐஸ் தண்ணீரில் போட்டேன். இருபத்து நான்கில் ஒன்றுதான் விரிசல் விட்டது. வெட்டும்போது கத்தியை ஒவ்வொரு முறையும் ஈரத்துணியில் துடைத்தேன். வெண்ணெய்ப்பழம் எங்கள் ஊரில் அகப்படவில்லை. கும்பகோணத்தில் ஒரு பழக்கடையில் கிடைத்தது. "ஜூஸுக்கா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். முட்டைக்கு என்றேன். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கட்டிக் கொடுத்தார்.

பழத்தை வெட்டிய உடனே எலுமிச்சை பிழிய வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். மஞ்சள் கருவை மாவுச் சல்லடையில் தேய்த்து இறக்கினேன். வறுத்த சீரகத்தூள், பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித்தழை, உப்பு. மகள் ருசி பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "அவ வீட்டு ருசி அப்படியே வந்திருச்சுப்பா" என்றாள். பால் கவரின் முனையை வெட்டி, கலவையை அதில் போட்டுக் குழிகளில் பிழிந்தோம். மேலே சிவப்புத் தூளைத் தூவினோம். எலுமிச்சையைப் பாதியாக அரிந்து, வெட்டுமுகத்தை மிளகாய் உப்பில் தோய்த்துப் பக்கத்தில் வைப்பார்களாம், வேண்டியவர்கள் பிழிந்துகொள்ளலாம்.

அடுக்கியது நான். மகள் சும்மா ஒரு பெரிய தட்டில் பரப்பிவிடலாம் என்றாள். எனக்கு மனம் வரவில்லை. வாழையிலையை வட்டமாக நறுக்கி நான்கு தட்டுகளில் போட்டு, ஓரத்தில் வட்டமாக முட்டைகளை வைத்து, சிவந்த எலுமிச்சைப் பாதிகளைச் சரியாக நடுவில் நிமிர்த்தி வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது.

என் பள்ளியிலிருந்து ஆறு பேர், பக்கத்து வீட்டுத் தம்பதி, என் மைத்துனர். எல்லோரும் ஆறரைக்குள் வந்துவிட்டார்கள். ஆறு நாற்பதுக்கு அண்ணனும் அண்ணியும் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தார்கள். அண்ணன் சலவை மடிப்புக் கலையாத கறுப்புச் சட்டை போட்டிருந்தார். இடது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். அவருக்குப் பக்கவாதம் வந்து தேறியதை ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது போய்ப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

"சவுக்கியமா?" என்றார், என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்து.

"வாங்கண்ணே. வாங்க அண்ணி."

மகள் ஓடிவந்து அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா, உங்களுக்காகவே காரம் தூக்கலா செஞ்சது. மெக்சிகோ முட்டை."

"மெக்சிகோக்காரன் காரம் நம்ம காரத்துக்கு முன்னால நிக்குமா? கொண்டா பாப்போம்" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். இயற்பியல் ஆசிரியர், "ஐயா சாப்பிட்டுச் சொன்னாத்தான் நாங்க தொடுவோம். சார் ஆய்வுக்கூடத்துலேருந்து எதைக் கொண்டாந்து கலந்தாரோ" என்றார். அண்ணன் உரக்கச் சிரித்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை என் வீட்டில் கேட்டேன்.

என் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று நான் உள்ளே போய் ஒரு தட்டை எடுத்துவந்தேன். அண்ணன் ஒரு முட்டையை எடுத்தார். அப்போதுதான் அண்ணி தட்டைப் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அதக் கீழ வைங்க."

"என்னடி?"

"வைங்கன்னா வைங்க. எலையில முட்டை, செகப்பு, நடுவுல எலுமிச்சம்பழத்தைப் பொளந்து… இதேதான். இதேதானே நம்ம மோட்டார் கொட்டகை வாசல்ல கெடந்துச்சு?" அண்ணி என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, ஒரு தரம் வச்சது பத்தலையா ஒங்களுக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி அழுதுகொண்டே சொன்னதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அண்ணன் சிறையிலிருந்து வந்த அடுத்த வாரம், வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகை வாசலில் யாரோ செய்வினை வைத்திருந்தார்கள். இலையில் குங்குமம் தடவிய முட்டைகளும், பிளந்து குங்குமம் அப்பிய எலுமிச்சையும். ஊரே ஒதுங்கி நின்றபோது, அண்ணன் அந்த முட்டைகளைக் கழுவி எடுத்துக்கொண்டு போய், டீக்கடை அடுப்பில் அவித்து, எல்லோர் முன்பாகவும் உப்புப் போட்டுத் தின்றிருக்கிறார். பதினோராம் நாள் அறுவடை வயலில் அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. ரத்தக் கொதிப்பு என்றார் மருத்துவர். அண்ணி அதை நம்பவில்லை.

"சும்மா இரு. மொளகாப்பொடி அது. பசங்க ஆசையா செஞ்சிருக்குதுங்க" என்றார் அண்ணன். எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். முட்டையை வாயருகே கொண்டுபோனார்.

கை நின்றது.

பத்து விநாடிக்குக் குறையாது. அவர் நெற்றியில் வேர்வை பூத்தது. பிறகு குனிந்து, எடுத்த இடத்திலேயே, இரண்டு முட்டைகளுக்கு நடுவில் இருந்த அந்த இடைவெளியிலேயே அதைத் திருப்பி வைத்தார்.

"அப்புறம் சாப்பிடுறேம்மா" என்றார் மகளிடம். ஏழு ஐந்துக்கு இருவரும் போய்விட்டார்கள். மகள் தெருமுனை வரை கூடவே போய்த் தனியாகத் திரும்பி வந்தாள். தாம்பூலத் தட்டைப் பற்றிப் பெரியப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை என்றாள்.

அதன் பிறகு யாரும் தட்டுப் பக்கம் வரவில்லை. வேதியியலும் இயற்பியலும் படித்தவர்கள்தான். இயற்பியல் ஆசிரியர் மட்டும் எனக்காக ஒன்றை எடுத்து, மெல்லாமல் விழுங்கி, "நல்லாத்தான் சார் இருக்கு" என்றார்.

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு முதல் பேருந்தில் ஊருக்குப் போனேன். பையில் குழாய் பதித்த ஆண்டின் நாட்குறிப்பு இருந்தது. அண்ணன் கொட்டகை வாசலில் நின்று குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். வயலின் நடுவே குழாய்த் தடத்தைக் காட்டும் மஞ்சள் கம்பங்கள் வரிசையாக நின்றன. வாசலில் முட்டை கிடந்த தேதியை வழியில் வீட்டிலேயே அண்ணியிடம் கேட்டிருந்தேன். அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டினேன்.

"அந்த வாரம் பூரா நான் சிதம்பரத்துல செய்முறைத் தேர்வு நடத்திக்கிட்டிருந்தேண்ணே. காலையில எத்தனை மணிக்குப் போனேன், ராத்திரி எங்க தங்குனேன், எல்லாம் இருக்கு."

அவர் வாங்கவில்லை. "நீ வைக்கலேன்னு எனக்குத் தெரியும். வச்சவன் எவன்னும் ஓரளவு தெரியும். அவ பேச்ச விடு." மண்வெட்டியால் வரப்பு ஓரத்தை அணைத்தார். ஒற்றைக் கையால் அழுத்துவது சிரமமாக இருந்தது. "கையெழுத்துப் போட்டியே, அன்னைக்கு என்ன எழுதியிருக்க?"

அதே நாட்குறிப்புதான். புரட்டினேன். காலை மழை. தாலுகா அலுவலகம். பிற்பகல் பள்ளி. பத்தாம் வகுப்புக்கு அமிலமும் காரமும்.

"தாலுகா ஆபீஸ்னு இருக்குண்ணே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அதைச் சொல்லாமல் நாட்குறிப்பை மூடிப் பைக்குள் வைத்தேன்.

"வெள்ளிக்கிழமை வந்திருங்கண்ணே. பாப்பா உங்களத்தான் எதிர்பாக்குது."

"அது மேல எனக்கு என்ன கோவம்." மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார். "நேத்து அதத் தின்னுட்டு எந்திரிச்சிருந்தேன்னா, வந்திருப்பேன். நீ போட்ட கையெழுத்தையும் முழுங்கிட்டு வந்திருப்பேன். ஆனா கை நின்னுபோச்சுடா. நாப்பது வருசமா ஊர் ஊரா மேடை போட்டுப் பேசுனவன். வாத்தியாருங்க ஆறு பேரு பாக்குறாங்க, அந்தப் புள்ள பாக்குது, எனக்குப் பயமா இருந்துச்சு. மொளகாப்பொடியப் பாத்து." வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டேன். இனிமே அதப் போட்டுக்கிட்டு சபையில நிக்க முடியாது. வேற சட்டை போட்டுக்கிட்டும் வர முடியாது. நீ போ."

அவர் அருகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போ என்று இன்னொரு முறை அவர் சொல்லவில்லை. ஒன்பதே கால் பேருந்துக்கு நானாக எழுந்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு எழுந்து நின்றார்கள். எங்கள் பக்கம் முதல் வரிசையில் ஒரு நாற்காலியை மகள் காலியாகவே வைத்திருந்தாள். இரண்டு பேர் அதில் உட்கார வந்தபோது எழுப்பிவிட்டாள்.

"அண்ணன் வரலீங்களா?" என்று மாப்பிள்ளையின் தந்தை மெதுவாகக் கேட்டார்.

"அவருக்கு உடம்பு சரியில்லைங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் பின்னால் நின்ற உறவினர்களைப் பார்த்தார். தட்டை என் பக்கம் நீட்டினார். நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டித் தட்டை வாங்கினேன்.